வட்டக்கானல் யூத மாணவர் இல்லம்: முன்னாள் விடுதிக் காப்பாளர் ஒருவரின் மதிப்புரை

கொடைக்கானலிலிருந்து பாம்பார் சோலையின் ஓரமாக இறங்கி வட்டக்கானலை அடைபவர்கள், தேநீர்க் கடைப் பலகைகளில் ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் ஹீப்ரு எழுத்துகளையும் காண்பார்கள். இஸ்ரேலிய இளைஞர்கள் பல ஆண்டுகளாக வந்து தங்கும் ஊர் என்பதால் ‘குட்டி இஸ்ரேல்’ என்ற பெயர் இதற்கு நிலைத்துவிட்டது. இந்தச் சரிவில் உள்ள வாடகை வீடொன்றில், இளம் ரபி (யூத சமயகுரு) ஒருவரும் அவருடைய மனைவியும் தங்கள் சிறு குழந்தைகளோடு குளிர்காலம் முழுவதும் குடியிருந்து, அந்த வீட்டையே யூத மாணவர்களுக்கான பொது இல்லமாக நடத்துகிறார்கள். அந்த இல்லத்தைப் பற்றியதே இந்த மதிப்புரை. வீடு இருக்கும் இடத்தையும் குடும்பத்தினரின் பெயர்களையும் அவர்கள் கேட்டுக்கொண்டபடி தவிர்த்திருக்கிறேன். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கொடைக்கானலில் பெண்கள் விடுதி ஒன்றின் காப்பாளராக நீண்ட காலம் இருந்தவள் நான். மாணவர்களுக்குச் சோறு போடும் எந்த இடத்துக்குச் சென்றாலும், சாமான் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது, இரவில் கதவைப் பூட்டுபவர் யார், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எழுந்து கஞ்சி வைப்பவர் யார் என்பவைதான் எனக்கு முதலில் தோன்றும் கேள்விகள். எங்கள் விடுதிச் சமையலறையில் வேலை பார்த்த பெண் ஒருவர் இப்போது இந்த இல்லத்தில் வேலை செய்கிறார். அவர் வழியாகத்தான் எனக்கு வெள்ளிக்கிழமை இரவு உணவுக்கு அழைப்பு வந்தது. அதன் பிறகு வார நாட்களிலும் சென்று பார்த்தேன். யூத சமயத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒரு விடுதியாக, ஒரு சமையலறையாக, இளைஞர்களைப் பொறுப்பேற்கும் ஒரு வீடாக இந்த இடம் எப்படி நடக்கிறது என்பதை மட்டுமே எழுதுகிறேன்.

இங்கு வருபவர்கள் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இஸ்ரேலில் பள்ளிப் படிப்பு முடிந்ததும் பெரும்பாலான யூத இளைஞர்கள் கட்டாய இராணுவப் பணிக்குச் செல்கிறார்கள். ஆண்களுக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், பெண்களுக்கு இரண்டு ஆண்டுகள். அந்தப் பணியை முடித்த பிறகு, பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கு முன்னால் கிடைக்கும் இடைவெளியில், முதுகுப் பையைத் தூக்கிக்கொண்டு சில மாதங்கள் வெளிநாடுகளில் சுற்றுவது அங்கே வழக்கமாகிவிட்டது. வட்டக்கானலில் நாம் காணும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதினரில் பலர் இப்படி வந்தவர்கள்தாம். இவர்களோடு, இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஒரு பருவம் படிக்க வந்துள்ள அமெரிக்க, ஐரோப்பிய யூத மாணவர்கள் சிலரும் விடுமுறையில் மலையேறி வருகிறார்கள். அவர்களில் எல்லாரும் சமயப் பற்றுள்ளவர்கள் அல்லர். தங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றிப் பார்த்தே வளராத பிள்ளைகளும் பந்தியில் இருந்தார்கள். அவர்களிடம் யாரும் முகம் சுளிக்கவில்லை என்பதை ஒரு காப்பாளரின் கண்ணோடு கவனித்தேன்.

இத்தகைய இல்லங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்களுக்கென அமைந்த ஏற்பாடுகளில் பழையது ஹில்லெல். அது 1923-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஹில்லெல் மையங்களைப் பெரும்பாலும் ஊதியம் பெறும் அலுவலர்கள் நடத்துகிறார்கள். அதிலிருந்து வேறுபட்ட முறையை உருவாக்கியது, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் தலைமையிடத்தைக் கொண்ட ஹபாத் என்ற யூத சமய இயக்கம். 1951 முதல் அதன் தலைவராக இருந்து 1994-இல் மறைந்த ரபி மெனாகெம் மெண்டல் ஷ்னேர்சன், இளம் தம்பதிகளை உலகின் பல ஊர்களுக்குக் குடும்பமாகவே அனுப்பும் வழக்கத்தைப் பரவலாக்கினார். 1969-இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு அருகில் ரபி ஷ்லோமோ குனின் தொடங்கிய இல்லமே மாணவர்களுக்கான முதல் ஹபாத் இல்லமாகக் குறிப்பிடப்படுகிறது. அனுப்பப்படும் தம்பதி இரண்டாண்டு, மூன்றாண்டு வேலையாக அல்லாமல் பெரும்பாலும் வாழ்நாள் பணியாகவே அந்த ஊரை ஏற்கிறார்கள். செலவுக்கான பணத்தையும் தாங்களே நன்கொடையாகத் திரட்டிக்கொள்கிறார்கள்.

நான் இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம், என்னுடைய தொழிலில் நான் நெடுநாள் யோசித்த ஒரு வேறுபாடு இதில் இருக்கிறது. அலுவலர் நடத்தும் விடுதிக்குப் பதிவேடு உண்டு, விதி உண்டு, மாலை ஆறு மணிக்கு மாறும் பணிமுறை உண்டு. குடும்பம் நடத்தும் இல்லத்தில் பணிமுறை முடிவதே இல்லை. வட்டக்கானல் இல்லத்தில் நள்ளிரவில் கதவைத் தட்டும் மாணவனுக்குக் கதவைத் திறப்பவர், அன்று பகலெல்லாம் மாவு பிசைந்த அதே பெண்தான். அல்லது கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கும் அவருடைய கணவர்தான். இங்குள்ள விதிகள் எங்கள் விடுதியின் விதிகளைவிடப் பல மடங்கு கடுமையானவை. ஆனால் அவை முதலில் நடத்துபவரின் மேல் விழுகின்றன. அவருடைய குழந்தைகளின் மேல் விழுகின்றன. விருந்தினரின் மேல் மிகக் கொஞ்சமே விழுகின்றன. இல்லம் நன்றாக நடப்பதற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு.

இல்லத்தை அடைவது எளிதன்று. கொடைக்கானல் பேருந்து நிலையத்திலிருந்து டாக்ஸியில் வட்டக்கானல் வரை வந்துவிடலாம். அதற்கு மேல் படிகளும் மண் பாதையும்தான். இருட்டிய பிறகு காட்டுமாடுகள் நடமாடும் பகுதி என்பதால், கையில் டார்ச் இல்லாமல் அந்தப் பாதையில் நடக்க நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. ஓய்வுநாளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் மாணவர்கள் வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை டார்ச்சை அழுத்த மாட்டார்கள். கைப்பேசியையும் தொட மாட்டார்கள். இதற்காக, வெள்ளிக்கிழமை மாலையிலேயே வாசல் விளக்கை ஏற்றி இரவு முழுவதும் எரிய விடுகிறார்கள். அந்த விளக்கின் வெளிச்சம் முதல் திருப்பம் வரைதான் வருகிறது. அதற்குக் கீழே உள்ள படிகளில் கைப்பிடிக் கம்பி கூட இல்லை. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இது ஒரு பெரிய குறை. வீட்டு உரிமையாளரோ குடியிருப்பவரோ, யாராவது ஒருவர் இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் சரிசெய்ய வேண்டும்.

வாசலில் சரிபார்ப்பு உண்டு. யூத மாணவர்கள் முன்கூட்டியே செய்தி அனுப்பிக் கடவுச்சீட்டின் விவரத்தைத் தர வேண்டும். மற்றவர்கள் அழைப்பில்லாமல் உள்ளே போக முடியாது. இதைச் செருக்கு என்று நினைப்பவர்கள் 2008 நவம்பரை நினைத்துக்கொள்ள வேண்டும். மும்பை நரிமன் இல்லத்தில் இதேபோன்ற ஓர் இல்லத்தை நடத்திவந்த ரபி கேவ்ரியல் ஹோல்ட்ஸ்பெர்க்கும் அவர் மனைவி ரிவ்காவும் அப்போது நடந்த தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். இரண்டு வயதை எட்டவிருந்த அவர்களுடைய மகன் மோஷேயை, குழந்தையைப் பார்த்துக்கொண்ட சாண்ட்ரா சாமுவேல் என்ற பெண்தான் உயிரோடு வெளியே தூக்கி வந்தார். நம் மலையும் இதிலிருந்து முற்றிலும் விலகியதன்று. 2016-இல் கேரளத்தின் கனகமலையில் தேசியப் புலனாய்வு முகமை கைது செய்தவர்கள் மீதான வழக்கில், வட்டக்கானலுக்கு வரும் யூதப் பயணிகளும் குறிவைக்கப்பட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டது. பெயரும் இடமும் இந்த மதிப்புரையில் இல்லாததற்குக் காரணம் இதுவே.

இனி வெள்ளிக்கிழமை இரவு. சூரியன் மறைவதற்கு 18 நிமிடங்களுக்கு முன்னால் விளக்கேற்றி முடிக்க வேண்டும் என்பது இவர்களுடைய வழக்கம். சனவரி நடுவில் கொடைக்கானலில் சூரியன் மாலை ஆறேகால் மணியை ஒட்டி மறைகிறது. ஆகவே ஆறு மணிக்குள் சமையல் முழுவதும் முடிந்து, அடுப்பு அணைந்திருக்க வேண்டும். பனிமூட்டத்தில் சூரியன் எங்கே இருக்கிறது என்றே தெரியாத நாட்களில் அட்டவணையில் உள்ள கணக்குதான் துணை. ஐந்தரை மணிக்கு அந்தச் சமையலறையில் நிற்பது, எங்கள் விடுதியில் ஆண்டு விழா அன்று பந்தி தொடங்குவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் நிற்பதைப் போன்றது. ஆனால் ஆறு மணிக்கு எல்லாச் சத்தமும் ஒரேயடியாக நின்றுவிடுகிறது. வீட்டுப் பெண் விளக்கேற்றி, கைகளால் கண்களை மூடிக்கொண்டு வேண்டுகிறார். சிறுமியும் தனக்கென ஒரு விளக்கை ஏற்றுகிறாள். விரும்பிய மாணவிகளும் வரிசையாக வந்து ஏற்றுகிறார்கள்.

உணவுக்கு முன் இனிப்புத் திராட்சைச் சாறு நிரம்பிய கிண்ணத்தைக் கையில் ஏந்தி ரபி வாழ்த்துப் பாடுகிறார். பிறகு எல்லாரும் எழுந்து சென்று, இரு கைப்பிடி வைத்த குவளையால் கை கழுவிவிட்டு, ரொட்டியைப் பிட்டு உண்ணும் வரை பேசாமல் அமர்ந்திருக்கிறார்கள். நாற்பது இளைஞர்கள் ஒரே கூடத்தில் பேசாமல் இருப்பதை ஒலிபெருக்கியும் அதட்டலும் இல்லாமல் சாதித்திருப்பது எனக்கு வியப்பாக இருந்தது. துணியால் மூடி வைத்த இரண்டு ஹலா ரொட்டிகள். பின்னல் போட்டு, முட்டை தடவிச் சுட்டவை. உப்பில் தொட்டுக் கைக்குக் கை வருகிறது. மேல்பகுதி பொன்னிறமாகவும் உள்ளே நூல் நூலாகப் பிரியும்படியும் வந்திருந்தது. கொடைக்கானல் குளிரில் ஈஸ்ட் சேர்த்த மாவு பொங்குவது எவ்வளவு பாடு என்பது இங்கு சமைத்தவர்களுக்குத் தெரியும்; இவர்கள் மாவுப் பாத்திரத்தைச் சூடான அடுப்படியில் கம்பளி சுற்றி வைக்கிறார்கள்.

முதலில் காய்கறித் தட்டுகள் வந்தன. நம் மலையின் கேரட்டும் பீட்ரூட்டும் முட்டைக்கோசும் எலுமிச்சையும் எண்ணெயும் சேர்த்து வெவ்வேறு விதமாகக் கலக்கப்பட்டிருந்தன. வறுத்த கத்தரிக்காய் மிக நன்று. வெள்ளைக் கொண்டைக்கடலையையும் எள் விழுதையும் அரைத்துச் செய்த ஹம்முஸ், ஊர்க் கடைகளில் கிடைப்பதைவிட மென்மையாகவும் புளிப்பு குறைவாகவும் இருந்தது. பூம்பாறைப் பூண்டின் காரம் அதில் தனியாகத் தெரிந்தது. அடுத்து மீன். செதிலும் துடுப்பும் உள்ள மீன் மட்டுமே அவர்களுக்கு உகந்தது என்பதால் இறாலுக்கும் நண்டுக்கும் இடமில்லை. சமவெளியிலிருந்து வரும் ஜிலேபிக் கெண்டையைத் தக்காளிச் சாற்றில் வேகவைத்திருந்தார்கள். மீனையும் இறைச்சியையும் ஒரே தட்டில் பரிமாறுவதில்லை; ஆகவே தட்டுகளை மாற்றிய பிறகே கோழிச் சாறும் பொரித்த கோழியும் வந்தன. கோழி சற்று உப்புக் கரித்தது. இரத்தம் முழுவதும் வடிய வேண்டும் என்பதற்காக அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் உப்பில் கிடத்தி, அதன் பிறகு அலசுகிறார்கள்; அலசியது போதவில்லை என்பது என் நாக்கின் முடிவு. சாறு குளிருக்கு மிக இதமாக இருந்தது, மிளகு மட்டும் இன்னும் வேண்டும். பண்ணைக்காட்டுப் பக்கம் மிளகு விளையும் மலையில் வாழ்ந்துகொண்டு மிளகை இவ்வளவு சிக்கனமாகப் போடுவதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் பால் விட்ட தேநீரோ காப்பியோ கிடைக்கும் என்று எதிர்பார்க்கும் தமிழ் விருந்தினர் ஏமாறுவார்கள். இறைச்சிக்குப் பிறகு ஆறு மணி நேரம் கழியாமல் பால் சேர்ப்பதில்லை. புதினா போட்ட கருந்தேநீரும் மலை வாழைப்பழமும் கொடுத்தார்கள். பரவாயில்லை என்று எழுதலாம். உண்மையில் எனக்குக் காப்பி வேண்டியிருந்தது.

இந்த இல்லத்தின் பாராட்டத்தக்க பகுதி சமையலறைதான். பாலுக்கும் இறைச்சிக்கும் தனித்தனி அடுப்பு, தனித்தனிப் பாத்திரங்கள், தனித்தனித் தொட்டி, துடைக்கும் துணி கூடத் தனி. நீல நாடா கட்டியது பாலுக்கு, சிவப்பு நாடா கட்டியது இறைச்சிக்கு. நம் பாட்டிமார் மடி ஆசாரம் பார்த்த சமையலறைகளை அறிந்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாட்டின் போக்கு அந்நியமாகத் தோன்றாது. கடைவீதியில் வாங்கிய உலோக, கண்ணாடிப் பாத்திரங்களை நேராக அடுப்பில் ஏற்றுவதில்லை. கீழே உள்ள ஊற்று நீரில் முழுவதுமாக முக்கி எடுத்த பிறகே பயன்படுத்துகிறார்கள். முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் குவளையில் உடைத்து, இரத்தப் புள்ளி இல்லை என்று பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்கிறார்கள். முட்டைக்கோசை இதழ் இதழாகப் பிரித்து, உப்பு நீரில் ஊறவைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பூச்சி பார்க்கிறார்கள். பூச்சி விழுந்த உணவு அவர்களுக்கு விலக்கு. விடுதிச் சாம்பாரில் புழு மிதந்ததாக மாணவிகள் சாப்பாட்டுத் தட்டோடு என் அறை வாசலில் வந்து நின்ற நாட்களை நினைத்துக்கொண்டேன். கீரையை இப்படி ஆய்வதற்கு எங்களுக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

பால் விஷயம் இதைவிடக் கடினம். கறக்கும்போது யூதர் ஒருவர் உடனிருந்து பார்த்த பாலையே இவர்கள் ஏற்கிறார்கள். ஆகவே வாரத்தில் சில நாட்கள் விடியற்காலையில், உறைபனி படிந்த புல்லை மிதித்துக்கொண்டு ரபி ஊரில் ஒரு மாட்டுக் கொட்டகைக்குச் சென்று நிற்கிறார். மாட்டுக்காரர் முதலில் தன்மீது சந்தேகப்பட்டுத்தான் வருகிறார் என்று வருத்தப்பட்டாராம். விளக்கம் கேட்ட பிறகு அவரே தொலைபேசியில் அழைத்து நேரம் சொல்கிறார். கொடைக்கானலில் நல்ல சீஸ் கிடைத்தும் அது இந்த வீட்டுக்குள் வருவதில்லை. பாலாடைக் கட்டியை வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். அது வெறும் சுமார்.

எனக்குத் தெரிந்த அந்தப் பெண் இந்தச் சமையலறையில் காய் நறுக்குவது, அரைப்பது, பாத்திரம் துலக்குவது எல்லாவற்றையும் செய்கிறார். “மேடம், அடுப்பு பத்த வைக்கிறதும் பானையை ஏத்துறதும் மட்டும் அந்த அக்காதான். மத்தபடி சமையல் நம்ம கைதான்” என்று பெருமையோடு சொன்னார். சமைத்த உணவில் யூதர் ஒருவரின் கை பட்டிருக்க வேண்டும் என்ற விதியே இதற்குக் காரணம். உரித்த பூண்டை இரவில் வைத்திருந்து மறுநாள் பயன்படுத்துவதில்லை என்பதையும் அவரிடமே தெரிந்துகொண்டேன். விடுதியில் நாங்கள் முதல் நாள் இரவே கூடை கூடையாக உரித்து வைப்போம். அவருக்கு இந்த ஒரு வழக்கத்தை மாற்றிக்கொள்ளத்தான் அதிக நாள் பிடித்ததாம். சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. ஊதியத்தை வெள்ளி நண்பகலிலேயே கொடுத்துவிடுகிறார்கள், ஏனெனில் ஓய்வுநாளில் அவர்கள் பணத்தைத் தொடுவதில்லை. ஊதியம் ஒருமுறை கூடத் தாமதமானதில்லை என்று அவர் சொன்னதை, எந்த நட்சத்திர மதிப்பீட்டையும் விட உயர்வாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

பந்தியில் பேச்சும் பாட்டும் மாறி மாறி நடக்கின்றன. வாத்தியம் இல்லை, மேசையைத் தட்டுவதுதான் தாளம். ரபி பெண்களோடு கை குலுக்குவதில்லை. கை கூப்பும் ஊரில் இது யாருக்கும் இடைஞ்சலாகப் படவில்லை. அவர் பேசியதைவிட அவர் மனைவி பேசியதைத்தான் மாணவர்கள் அதிகம் கேட்டார்கள். அந்த வார வேதப் பகுதியை ஒட்டி ஒவ்வொருவரையும் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். கேட்டவர்களில் நம்பிக்கையற்றவர்களும் இருந்தார்கள், அவர்களுக்கும் அதே பொறுமையோடு பதில் வந்தது. இளைஞர் ஒருவர் போரைப் பற்றிப் பேசத் தொடங்கி, இடையில் குரல் உடைந்து நிறுத்திவிட்டார். காசாவைப் பற்றியும் அந்தப் போரைப் பற்றியும் எனக்கென்று கருத்துகள் உண்டு, படிப்பவர்களுக்கும் இருக்கும். அவற்றை அந்த மேசையில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவருக்கு அருகில் சென்று அமர்ந்த ரபி, அறிவுரை எதுவும் சொல்லாமல் தட்டில் உணவு எடுத்து வைத்தார். விடுதிக் காப்பாளர்களுக்கான பயிற்சிகளில் இதைக் கற்பிப்பதில்லை.

குடிப்பழக்கம் பற்றிப் பெற்றோர்கள் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன்: சிறு கோப்பையில் வாழ்த்துக்காக மது உண்டு, வேண்டாதவர்களுக்குத் திராட்சைச் சாறு உண்டு. ஒரு சுற்றுக்குப் பின் புட்டியை வீட்டுக்குள் எடுத்துப் போய்விட்டார்கள். ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக் கூடாது என்பதால் புகைப்பதும் இல்லை. போதைக் காளான் விற்பவர்கள் வெளிநாட்டு இளைஞர்களைச் சுற்றி வரும் ஒரு மலையில், வெள்ளி இரவு பதினோரு மணி வரை பிள்ளைகளைப் பாட்டும் சோறும் கொடுத்து ஒரு கூரையின் கீழ் வைத்திருப்பதன் மதிப்பை உள்ளூர்க்காரர்கள் உணர்வார்கள்.

சனிக்கிழமையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். காலையில் தொழுகை, கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும், சேராத நாட்களும் உண்டு. பகல் உணவு, முந்தைய நாள் மாலையே ஏற்றி, மூடிய சூட்டுத் தட்டின் மேல் இரவு முழுவதும் வெந்த பயறு, உருளைக்கிழங்கு, பார்லி, இறைச்சிக் கலவை, ஹமீன் என்கிறார்கள். மண்வாசனையோடு, தேன் நிறத்தில், வயிற்றுக்குக் கனமாக இருந்தது. இந்த இல்லத்தில் நான் உண்டவற்றில் இதற்கே முதலிடம் கொடுப்பேன். மின்சாரம் போனால் அந்தத் தட்டு அணைந்துவிடும். அவர்கள் அதை மீண்டும் இயக்கவோ, பிறரை இயக்கும்படி நேரடியாகச் சொல்லவோ மாட்டார்கள். மலையில் காற்றடித்தால் கம்பி அறுவது வழக்கம். ஆறிய ஹமீனைச் சிரித்துக்கொண்டே சாப்பிட்ட சனிக்கிழமைகளும் உண்டு என்று மாணவர்கள் சொன்னார்கள். மாலையில் மூன்று நட்சத்திரம் தெரியும் வேளை கடந்ததும், பின்னல் திரி போட்ட மெழுகுவர்த்தியை ஏற்றி, நறுமணப் பெட்டியை முகர்ந்து ஓய்வுநாளை வழியனுப்புகிறார்கள். அந்தப் பெட்டியில் இருந்தவை கிராம்பும், தாண்டிக்குடி ஏலக்காயும்.

வார நாட்களில் வீடு வேறு முகம் காட்டுகிறது. மதியம் முதல் எளிய உணவும், நூல்கள் அடுக்கிய ஒரு மூலையும், விரும்பியவர்களுக்குப் பாடமும் உண்டு. தொலைந்த கடவுச்சீட்டுக்கு யாரை அணுகுவது, காய்ச்சலுக்கு எந்த மருத்துவரிடம் போவது, வீட்டுக்கு அழைக்கத் தயங்கும் பிள்ளையின் தாயிடம் எப்படிப் பேசுவது என்பனவே இங்கு நடக்கும் பெரும்பகுதி வேலை. தங்குமிடம் தருவதில்லை, மாணவர்கள் ஊரில் உள்ள வீடுகளில் தங்கிக்கொள்கிறார்கள். வீட்டுக் குழந்தைகள் இணையவழிப் பள்ளியில் படிக்கிறார்கள். மேகம் இறங்கும் நாட்களில் வட்டக்கானலின் இணைப்பு எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும், ஆகவே அந்தப் பெரிய சிறுமி பாதிப் பாடத்தைத் தாயிடம்தான் படிக்கிறாள். உணவுக்கு விலைப்பட்டியல் இல்லை. ஓய்வுநாள் தவிர்த்த நாட்களில், முடிந்ததைப் பெட்டியில் போடலாம். போடாதவரை யாரும் பார்ப்பதில்லை.

குறைகளில் படிக்கட்டை முன்பே சொன்னேன். கூடத்தின் பின்சுவரில் ஈரம் இறங்குகிறது. சன்னல் ஓரம் அமர்ந்தவர்கள் கம்பளியைக் கழற்றாமலே சாப்பிட்டார்கள். நாற்பது பேருக்கு ஒரே கழிப்பறை என்பது எந்த ஆய்விலும் தேறாது. தட்டுகளாகப் பாக்குமட்டையைப் பயன்படுத்துவது நன்று, ஆனால் குவளைகளும் கரண்டிகளும் ஒருமுறை பயன்படுத்தி எறிபவை. குப்பையைச் சுமந்து கீழிறக்க வேண்டிய ஊரில், பால் ஒன்று, இறைச்சி ஒன்று என்று எவர்சில்வர் குவளை இரண்டு வரிசை வாங்கிவிட்டால் தீர்ந்துபோகும். பாட்டு பதினோரு மணியைத் தாண்டும்போது கீழ்வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருப்பதை யாரும் நினைப்பதில்லை. இதை நான் வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன்; அடுத்த வெள்ளி பத்தரைக்குச் சன்னல்கள் மூடப்பட்டன, பாட்டு நிற்கவில்லை. மேலும், வாசலில் ஹீப்ருவிலும் ஆங்கிலத்திலும் உள்ள அறிவிப்பில் தமிழ் ஒரு வரியும் இல்லை. இது என்ன இடம், ஏன் காவலர் நிற்கிறார் என்று பக்கத்துத் தெருவினர் வதந்தியிலிருந்து தெரிந்துகொள்வதைவிட, நான்கு வரித் தமிழ்ப் பலகையிலிருந்து தெரிந்துகொள்வது எல்லாருக்கும் நல்லது.

செல்ல விரும்பும் யூத மாணவர்கள் வியாழன் மாலைக்குள் பதிவு செய்ய வேண்டும். வெள்ளி மாலைக்குப் பின் சனி இரவு வரை தொலைபேசியை யாரும் எடுக்க மாட்டார்கள். மே, சூன் மாதங்களில் இல்லம் மூடியிருக்கும். வெளியூரிலிருந்து வாகனத்தில் வருபவர்கள் கொடைக்கானலுக்கான இ-பாஸ் எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் அழைப்பிருந்தால் மட்டும் செல்லலாம். அப்படிச் செல்பவர்கள் வெளியில் சமைத்த பலகாரத்தைக் கொண்டுபோக வேண்டாம், வெட்டாத முழுப் பழங்களாகக் கொண்டுபோனால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்கள். காப்பியை மட்டும் புறப்படும் முன் வீட்டிலேயே குடித்துவிட்டுச் செல்லவும்.